பிரபுவின் மூச்சு

எங்கள் பிரபுவுக்கு மூச்சு போதாது. ஹோன்பிர்க்கன் அரண்மனையில் சமையற்காரியிலிருந்து குதிரைக்காரன் வரை எல்லோருக்கும் இது தெரியும். தெரியாதவர் ஒருவர்தான். அவர் பிரபு.

அடுத்த சமஸ்தானத்துக்காரர்கள் வேட்டை, சீட்டாட்டம் என்று ஊரைத் தின்றுகொண்டிருந்த காலத்தில், எங்களவருக்குப் புல்லாங்குழல் ஒன்றுதான் பைத்தியம். தினமும் மாலையில் மெழுகுவர்த்திகளை ஏற்றச் சொல்லி, எங்களைப் பின்னால் உட்காரவைத்து வாசிப்பார். எவ்வளவு நல்ல பழக்கம் என்று வெளியூர்க்காரர்கள் மெச்சுவார்கள். அவர்களுக்கென்ன, கேட்டுவிட்டு வண்டியேறிப் போய்விடுவார்கள். கூட உட்கார்ந்து வாசிக்கிறவனைக் கேட்டால் அல்லவா தெரியும்!

நான் செல்லோ என்ற பெரிய வயலினை வாசிப்பவன், பெயர் மெல்கியோர். மதியம் நீலச் சீருடையில் சாப்பாட்டு மேசைக்குத் தட்டு எடுத்துப் போவேன். மாலையில் அதே சீருடையில் கையைத் துடைத்துக்கொண்டு செல்லோவைப் பிடிப்பேன். எங்கள் தலைவர் ஹார்ட்விக், கட்டைகளை அழுத்தி வாசிக்கும் ஹார்ப்சிகார்டுக்காரர், பிரபுவின் பெயரில் இசை எழுதுகிறவரும் அவர்தான். அப்படி அவர் எழுதிய, மூன்று பகுதி கொண்ட ஒரு சொனாட்டாதான் பிரபுவுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. அதன் கடைசிப் பகுதியில், ஓடிக்கொண்டிருக்கும் குழல் சட்டென்று ஒரே சுரத்தில் நின்றுவிடும். தாளம் நாலு சுற்றுச் சுற்றி வரும்வரை அந்தச் சுரம் அசையாமல் நிற்க வேண்டும். அடியில் நாங்கள் ஓடுவோம்.

பிரபுவுக்கு இரண்டு சுற்றுக்குமேல் நிற்காது. தோள் மேலே ஏறும், கழுத்து சிவக்கும், சுரத்தை விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போய்விடுவார். நாங்களும் மிச்சம் இரண்டு சுற்றை விழுங்கிவிட்டு அவர் எங்கே போனாரோ அங்கே குதித்துவிடுவோம். வருஷக்கணக்காகக் குதித்துக் குதித்து, அங்கே குதிக்கிறோம் என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

ஹார்ட்விக் நாலை அழித்து இரண்டு என்று எழுதியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஒருமுறை நானும் கேட்டேன்.

"உனக்குக் கிறுக்கா?" என்றார் ஹார்ட்விக். "திருத்துனா ஏன் திருத்துனேன்னு கேப்பாரு. நான் என்ன சொல்றது? உங்களால முடியல பிரபுன்னா? பேசாம குதி."

குதித்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் வென்செல் வந்தான்.

பொஹீமியாவிலிருந்து வந்த பஸூன்காரன். அந்த நெட்டை மரக்குழலை அவன் ஊதினால் நெஞ்சுக்குள் இதமாக இருக்கும். வந்த வேகத்தில் என் தங்கை ஒட்டிலியைக் கட்டிக்கொண்டு எனக்கு மாப்பிள்ளையும் ஆகிவிட்டான். நல்லவன்தான், ஆனால் வாய் சும்மா இருக்காது. பஸூனும் செல்லோவும் ஒரே சுர ஏட்டைப் பார்த்து ஒரே அடிச்சுரத்தை வாசிக்கிறவை என்பதால் என் பக்கத்திலேயே அவனுக்கு இடம்.

அந்த சொனாட்டாவுக்கு அவன் முதல்முறை உட்கார்ந்த அன்று, உள்ளே போவதற்கு முன்பே அவனுக்குச் சொன்னேன்.

"இந்த இடத்துல ரெண்டு சுத்துதான். அவரு தோளப் பாரு. ஏறுச்சுன்னா குதிச்சுடு."

"ஏட்டுல நாலு இருக்கே மச்சான்."

"ஏட்டுல ஆயிரம் இருக்கும். நீ குதி."

"அப்ப ஏடு எதுக்கு? அடுப்புக்கா?" என்று சிரித்தான். வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். உள்ளே போய் அந்த இடம் வந்ததும் பிரபுவும் நாங்களும் குதித்தோம், வென்செல் குதிக்கவில்லை. கூட்டத்தை விட்டுப் பிரிந்த எருமை மாதிரி அவனுடைய பஸூன் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. பிரபு குழலை இறக்கித் திரும்பினார்.

"உனக்கு எண்ணத் தெரியாதா?"

"தெரியும் பிரபு. நாலு."

"நான் ரெண்டுல முடிச்சேன்."

நான் அவன் காலை மிதித்தேன். அதற்குள் சொல்லிவிட்டான்.

"அது உங்க மூச்சு பிரபு. தாளம் இல்ல."

ஹார்ட்விக்கின் கைகள் ஹார்ப்சிகார்டின் மேலேயே அப்படியே நின்றுவிட்டன. பிரபு கத்தவில்லை. கத்துகிறவராக இருந்தால் பாதி பயம் குறைந்திருக்கும். மெதுவாகத்தான் சொன்னார்: "இவனக் கோபுரத்துக்குக் கொண்டுபோங்க. எண்ணக் கத்துக்கிற வரைக்கும் அங்கயே இருக்கட்டும்."

அரண்மனை ஊழியன் என்பவன் பிரபுவுக்குச் சொந்தம். சொந்த நாற்காலியை எங்கே வேண்டுமானாலும் தூக்கி வைக்கலாம், யாரும் கேட்க முடியாது. வடக்குக் கோபுரத்தின் மேலறையில் கணப்பு கிடையாது. இரண்டு குளிர்காலத்துக்கு முன் ஓபோக் குழல் ஊதுகிறவன் ஒருவன் அங்கே இருந்துவிட்டு இறங்கினான். அவனுடைய இரண்டு விரல்கள் கறுத்துப்போயிருந்தன. இப்போது அவன் எங்கேயோ ஆடு மேய்க்கிறானாம். வென்செல் உள்ளே போன வாரமே பனி கொட்டத் தொடங்கிவிட்டது.

ஒட்டிலி தினமும் கஞ்சி கொண்டுபோனாள். பாத்திரத்தை வாங்கிக்கொள்வார்களே தவிர ஆளைக் காட்ட மாட்டார்கள். திரும்பி வந்து என் அறை வாசலில் நிற்பாள். அழமாட்டாள், அதுதான் என்னைக் கொன்றது.

"அண்ணா, அவரு விரல் எப்படி இருக்குன்னு மட்டும் கேட்டுச் சொல்லு."

"கையுறை அனுப்பிச்சிருக்கேன்மா."

"கையுறைய அந்தக் காவக்காரன் போட்டுக்கிட்டுத் திரியறான். நான் பாத்தேன்."

நான் என்ன செய்ய? பிரபுவிடம் போய்ப் பேசலாம். பேசினால் எனக்கும் மேலறையில் இடம் உண்டு. எனக்கு வீரம் கிடையாது. யாராவது கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்தினாலே எழுந்து நின்றுவிடுவேன். ராத்திரி படுத்தால் அந்த ஓபோக்காரனின் விரல்கள்தான் கண்ணுக்குள் வரும், முதலில் அவன் கையில், பிறகு வென்செல் கையில்.

கடைசியில் ஹார்ட்விக் ஒரு வழி சொன்னார். பிரபுவின் மாமனார் திருவிழா நாட்களுக்கு வருகிறார். பெரிய கோமகன் அவர், இசை தெரிந்தவர், அவருடைய அரண்மனையில் எங்களைப்போல் மூன்று மடங்கு வாத்தியக்காரர்கள். வந்த அன்றே பிரபு அவருக்கு முன்னால் அந்த சொனாட்டாவை வாசிக்கப் போகிறார். நன்றாக முடிந்து மாமனார் நாலு வார்த்தை புகழ்ந்துவிட்டால் பிரபு குளிர்ந்துபோவார். அந்த நேரம் பார்த்து ஹார்ட்விக் வென்செலுக்காகக் கேட்பார்.

"நல்லா முடிஞ்சாத்தான்," என்று விரலை ஆட்டினார். "ஒரு சுரம் பிசகினாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன். எனக்கும் விரல் பத்து வேணும்."

மாமனார் வந்த அன்றைக்கு நாலு மணிக்கே இருட்டிவிட்டது. பிரபுவின் முன்னால் சுருதி சேர்க்கக் கூடாது என்பது எங்கள் அரண்மனை வழக்கம், அதனால் பக்கத்து அறையில் சேர்த்தோம். என் விரல்கள் வியர்த்து முறுக்காணி வழுக்கியது. இரண்டு வயலின்காரர்களும் வில்லுக்கு மறுபடி மறுபடி பிசின் தேய்த்தார்கள். எல்லோரும் ஒன்றையேதான் நினைத்துக்கொண்டிருந்தோம்: அவர் தோள் ஏறும்போது சரியாகக் குதிக்க வேண்டும். ஒருவன் பிந்தினாலும் மாமனார் காதில் விழுந்துவிடும்.

பெரிய கூடத்தில் மாமனார் தடித்த உடம்போடு நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தார். கையில் சாக்லேட் பானம் நிறைந்த கோப்பை. பக்கத்தில் அவர் மகள், எங்கள் பிரபுவின் மனைவி. சுற்றிலும் அரண்மனைக் கூட்டம், விசிறியும் பவுடருமாக. பிரபு குழலை எடுத்து எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். அவருடைய காது மடல் சிவந்திருந்தது. அவருக்கும் பயம் இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

முதல் பகுதி நன்றாகப் போயிற்று. இரண்டாவது, மெதுவானது, அதைவிட நன்றாகப் போயிற்று. மாமனார் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கடைசிப் பகுதி. ஓட்டம். அந்தச் சுரம் வந்தது, குழல் நின்றது. முதல் சுற்று. இரண்டாவது சுற்று. நான் ஒட்டிலியை நினைத்தேன், விரலை நினைத்தேன், குதித்தேன்.

எல்லோரும் குதித்தோம். எங்கள் வாழ்நாளிலேயே அவ்வளவு சேர்ந்து, அவ்வளவு சுத்தமாக நாங்கள் குதித்ததில்லை. ஆனால் பிரபு குதிக்கவில்லை.

தோளே ஏறவில்லை. நான்தான் அதைப் பார்க்கவில்லை, பயத்தில் எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு முந்திப் போய்விட்டேன். குழல் அதே சுரத்தில், அசையாமல், அழகாக நின்றுகொண்டிருந்தது. நாங்கள் அடியில் வேறு எங்கேயோ போய் முட்டிக்கொண்டிருந்தோம். ஒரு வயலின் திரும்பி ஓடிவந்தது, இன்னொன்று மேலே போனது, ஹார்ட்விக்கின் கை இரண்டுக்கும் நடுவில் தடுமாறியது. ஒவ்வொருவராக நின்றுபோனோம். பிரபு தனியாக மூன்றாவது சுற்றையும், நாலாவது சுற்றையும் முடித்தார். முடித்துவிட்டுத்தான் குழலை இறக்கினார்.

பிரபுவின் அறைப் பணியாள் எனக்குப் பிறகு சொன்னான். வென்செலைக் கோபுரத்துக்கு அனுப்பிய அன்றே பிரபு ஏட்டை எடுத்துப் பார்த்தாராம். மறுநாளிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு ஒரே சுரத்தை ஊதி ஊதிப் பழகினாராம், முகம் நீலமாகும்வரை. மாலையில் எங்களோடு அந்த சொனாட்டாவை அவர் எடுக்கவே இல்லை. தினமும் காலையில் அந்தக் குழல் எங்கள் காதிலும் விழுந்தது. எப்போதும் விழுவதுதானே என்று இருந்துவிட்டோம்.

கூடத்தில் ஒரு விசிறிகூட அசையவில்லை. மாமனார்தான் முதலில் சிரித்தார்.

"என்ன மாப்பிள்ளை, உங்க ஆளுங்க பாதி வழியிலயே உங்களை விட்டுட்டு ஓடிட்டாங்களே!"

பிரபு திரும்பினார். எங்கள் எல்லோரையும் பார்த்தார், ஒவ்வொரு முகமாக. எங்களால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எத்தனை வருஷமாக, எத்தனை பேர் சேர்ந்து அவரைத் தாங்கிப் பிடித்திருக்கிறோம் என்பது அவருக்கு அந்தக் கணத்தில்தான் விளங்கியிருக்க வேண்டும்.

"மெல்கியோர்."

என் பெயர். ஏன் என் பெயர்? அடிச்சுரக்காரன் போகும் வழியில்தான் மற்றவர்கள் போவார்கள், அதனால்தான். எழுந்தேன். செல்லோவைக் கழுத்தில் பிடித்துக்கொண்டேன்.

"இந்த இடத்துல எத்தனை சுத்து?"

"நாலு பிரபு."

"நீ எத்தனை வாசிச்சே?"

"ரெண்டு பிரபு."

"ஏன்?"

ஹார்ட்விக்கைப் பார்த்தேன். அவர் ஹார்ப்சிகார்டின் கட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார், அன்றைக்குத்தான் முதல்முறை பார்க்கிறவர்போல. உண்மையைச் சொன்னால் மாமனாருக்கு முன்னால் பிரபுவின் மானம் போகும், எனக்குக் கோபுரம். எண்ணத் தெரியவில்லை என்று பொய் சொன்னாலும் கோபுரம், அதற்கான தண்டனை ஏற்கெனவே எழுதிவைத்தாகிவிட்டது. வாய் தானாகத் திறந்துகொண்டது. தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், தண்ணீரில் விழுந்தவன் கையில் பட்டதைப் பிடிப்பதுபோலத்தான்.

"எண்ணிச் சொல்ற ஆளு பக்கத்துல இல்ல பிரபு. அவன் இருந்தா நாங்க தப்ப மாட்டோம்."

"யாரது?" என்று ஆர்வமாகக் கேட்டார் மாமனார்.

பிரபு குழலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "ஒரு பஸூன்காரன். கொஞ்சம் உடம்புக்கு முடியல."

"நடக்க முடியும்ல? வரச் சொல்லுங்க. இவ்வளவு நல்லா ஊதிட்டு அரைகுறையா விடறதா? இன்னொரு தடவ கேப்போம்."

பிரபு என்னைப் பார்த்தபடியே காவலனுக்குத் தலையசைத்தார்.

காத்திருந்தோம். பணியாட்கள் பாதாம் கேக்குத் தட்டுகளோடு சுற்றினார்கள். பேச்சு மெல்ல எழுந்தது. நான் உட்காரலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றுகொண்டே இருந்தேன். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. இறங்கி வருகிறான், வெளியே வருகிறான் என்று ஒரு பக்கம் நெஞ்சு குதித்தது. எப்படி வருவானோ, விரல் இருக்குமோ என்று இன்னொரு பக்கம் அடித்துக்கொண்டது. வந்து அந்த வாயைத் திறந்து இன்னும் ஏதாவது சொல்லித் தொலைத்தால்? "நான் அன்னிக்கே சொல்லலையா பிரபு" என்று அவன் சொல்வது என் காதிலேயே கேட்டது. சொல்லக்கூடியவன்தான். கடவுளே, அவன் வாயைக் கட்டு என்று வேண்டிக்கொண்டேன்.

பக்கவாட்டுக் கதவு திறந்தது.

யாரோ அவசரமாக வென்செலுக்கு ஒரு சீருடையை மாட்டிவிட்டிருந்தார்கள். அந்தச் சீருடைக்குள் அவன் பாதியாக இளைத்திருந்தான். பொய்முடி அவனுடையதல்ல, நெற்றிவரை இறங்கியிருந்தது. தாடியை மழிக்க நேரமில்லாமல் பவுடரை அப்பியிருந்தார்கள். அவன் கைகளைத்தான் முதலில் பார்த்தேன். சிவந்து, வீங்கி, வெடித்திருந்தன. ஆனால் விரல்கள் எல்லாம் இருந்தன, எல்லாம் அசைந்தன. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது.

என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, யாரோ நீட்டிய பஸூனை வாங்கிக்கொண்டான். எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று ஒருவரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. அவன் யாரையும் பார்க்கவில்லை, பிரபுவின் முதுகை மட்டும் பார்த்தான். பஸூனில் செருகி ஊதும் நாணல் சீவலை வாயில் வைத்து நனைத்துக்கொண்டிருந்தான். அது அவன் பல்லில் பட்டுக் கடகடத்தது.

"வென்செல்," என்று உதடு அசையாமல் சொன்னேன். "நாலு. நாலே நாலு. ஏட்டுல இருக்கறபடி."

அவன் காதில் விழுந்தது. ஒரு கணம் என் பக்கம் திரும்பினான். முன்பு ஒருமுறை தன்னைக் குழியில் தள்ளிய ஆளைப் பார்க்கிற பார்வை அது. நான் தள்ளவில்லை, அவனுக்கும் அது தெரியும். ஆனாலும் அப்படித்தான் பார்த்தான்.

"வேணாம் மச்சான்," என்றான்.

அதற்குள் பிரபு குழலை உயர்த்திவிட்டார். கடைசிப் பகுதி மட்டும், முதலிலிருந்து. ஓட்டம். வென்செலின் பஸூன் என் செல்லோவோடு சேர்ந்து வந்தது, கொஞ்சம் கரகரப்பாக, ஆனால் இடறாமல். அந்த விரல்களோடு எப்படி வாசித்தான் என்று இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. அந்தச் சுரம் நெருங்கியது. இந்த முறை நான் எண்ணவில்லை. பிரபுவின் தோளையே பார்த்தேன். தோள் இறங்கியே இருந்தது. நிற்பார், நாலு சுற்றும் நிற்பார், நாங்களும் நிற்போம், முடிந்தது, ஒட்டிலியிடம் ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம்.

முதல் சுற்று. இரண்டாவது சுற்று.

வென்செல் குதித்தான்.

எங்கள் யாருக்கும் அவ்வளவு சுத்தமாக வராது. ஒரு மயிரிழை பிந்தாமல், இரண்டு சுற்று முடிந்த இடத்தில், வருஷக்கணக்காக நாங்கள் போய் நின்ற அதே இடத்தில் போய் நின்றான். பஸூன் தனியாக முன்னால் போய்க்கொண்டிருந்தது. அவன் கண் பிரபுவை விட்டு நகரவில்லை. வியர்வையில் பவுடர் கரைந்து கன்னத்தில் வழிந்தது. தான் மட்டும் தனியாகப் போகிறோம் என்று அவனுக்குக் கேட்டிருக்கும், அவனுக்கா கேட்காது? கேட்டும் நிறுத்தத் தெரியாமல், மேலும் கெட்டியாக, மேலும் சரியாக ஊதினான்.

பிரபு தலையை மட்டும் திருப்பினார். அவருக்கு மூச்சு இருந்தது. இன்னும் எவ்வளவோ இருந்தது, அந்தச் சுரம் கம்பிபோல நின்றது. நான் அடுத்து என்ன வரும் என்று நடுங்கினேன். அவர் வென்செலின் முகத்தைப் பார்த்தார்.

அப்புறம் சுரத்தைப் பாதியில் விட்டுவிட்டு, பஸூன் இருந்த இடத்துக்குத் தாவினார்.

நாங்களும் தாவினோம். இதில் எங்களுக்குப் பழக்கமுண்டு. முடிவுவரை ஒரு பிசகில்லாமல் போய்ச் சேர்ந்தோம். மாமனார் கைதட்ட ஆரம்பித்தவர், இடையில் ஏதோ யோசனை வந்தவராக மருமகனைப் பார்த்தார், வென்செலைப் பார்த்தார், பிறகு கோப்பையை எடுத்துக் குடித்தார். கூடம் முழுக்கக் கைதட்டியது.

பிரபு எங்களிடம் வந்தார். நாங்கள் எழுந்து குனிந்தோம். வென்செல் எல்லோரையும்விடத் தாழக் குனிந்தான், பொய்முடி கழன்று தரையில் விழுந்தது, அதை எடுக்கவும் அவனுக்குப் பயம்.

"நீ வீட்டுக்குப் போ," என்றார் பிரபு. "இனிமே மேல போக வேண்டாம்."

ஹார்ட்விக் கேட்கவேண்டிய அவசியமே இல்லாமல் காரியம் முடிந்துவிட்டது. நான் அவன் கையைப் பிடித்து இழுத்தேன், வா, போகலாம், இவர் மனம் மாறுவதற்குள் போய்விடலாம் என்று. அவன் நகரவில்லை.

"சரியா எண்ணினேனா பிரபு?"

வாய்த்துடுக்காகக் கேட்கவில்லை. பாடம் ஒப்பித்துவிட்டு வாத்தியார் முகத்தைப் பார்க்கிற பிள்ளையின் குரல்.

"சரியாத்தான் எண்ணினே," என்றார் பிரபு.

வென்செல் மூச்சை விட்டான். வந்ததிலிருந்து அவன் விட்ட முதல் மூச்சு அதுவாகத்தான் இருக்கும். முகமெல்லாம் விரிந்து சிரித்தான், என் பக்கம் திரும்பி, "கத்துக்கிட்டேன் மச்சான்," என்றான். நாலு என்று சொன்னவனிடம் அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தபோதுதான் என் உடம்பெல்லாம் சில்லிட்டது, அன்று முழுக்க நான் பட்ட பயமெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை.